வங்கக்கடல் தரவு மிதவைகள்

காற்று, அலை, நீரோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை நடுக்கடலில் அளந்து, செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பும், நங்கூரமிட்ட கருவிகள். மீனவர் வழக்கில் ‘போயா’.

முன்வரலாறு. பினாங்கு சூலியா தெருவில் கடை வைத்திருந்த சோழமண்டலக் கரை வணிகருக்கு, வழியில் அடித்த புயலைப் பற்றிக் கப்பல் வந்த பிறகே தெரியும். வராமற்போனால் அதுவும் இல்லை. 1870இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக்கம்பி போடப்பட்டது. துறைமுகச் செய்தி விரைந்தது. நடுக்கடல் நிலவரத்துக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினம்–பினாங்கு ‘ரஜூலா’ போன்ற கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் வழி. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி, ஆளில்லா வானிலை நிலையங்களின் அளவீடுகளை வாங்கித் தரைக்கு அனுப்பும் கருவியையும் சுமந்து சென்றது.

மிதவைகள். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் (1993) நார்வே நாட்டு உதவியுடன் தொடங்கிய திட்டத்தில், 1997 முதல் மிதவைகள் கடலில் இறங்கின. மஞ்சள் நிற வட்டு, நடுவே கம்பம், உச்சியில் காற்றுமானி, சுற்றிலும் சூரியத் தகடுகள். இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியே மூன்று மணிக்கொரு முறை தகவல் வந்தது.

மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகும் வரும். படகை மிதவையிலேயே கட்டிவிட்டு வலை வீசுவதும் உண்டு. அறுந்த கயிறு, காணாமற்போன சூரியத் தகடு, உடைந்த உணரி எனச் சேதங்கள் தொடர்ந்தன. கழகத்தார் கரையோர ஊர்களுக்குச் சென்று மீனவர்களிடம் விளக்கவேண்டியதாயிற்று. இச்சேதங்களை ‘நாசவேலை’ என்றே அறிக்கைகள் குறிக்கின்றன. தொழில் நடக்கும் கடலில் புதிதாக வந்து நின்ற பொருளோடு நேர்ந்த உரசலுக்கு அச்சொல் முற்றும் பொருந்துமா என்பது ஐயம்.

2004க்குப் பின். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோது மலேசிய நேரம் காலை 8.58. அலை பினாங்கைத் தொட்டபோது நண்பகல் கடந்துவிட்டது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். இடைப்பட்ட மணிநேரங்களில் எச்சரிக்க, இந்தியப் பெருங்கடலில் சுனாமி மிதவை ஒன்றுகூட இல்லை.

சுனாமி மிதவை இரண்டு உறுப்புகளால் ஆனது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானி தலைக்கு மேலுள்ள நீரின் எடையை அளக்கும். ஆழ்கடலில் சில சென்டிமீட்டர் உயர்வையும் உணரும். உப்புநீருக்குள் வானொலி அலை நெடுந்தொலைவு செல்லாது. ஆகவே அது ஒலியாகக் கூவி மேலே சொல்லும். மிதவை அதைக் கேட்டுச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். வழக்கமாக எப்போதாவது பேசும் கருவி, அலை தட்டுப்பட்டதும் இடைவிடாமல் பேசத் தொடங்கும்.

இந்தியப் பெருங்கடலின் முதல் சுனாமி மிதவை எது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஜெர்மனி உதவியுடன் இந்தோனேசியா 2005 நவம்பரில் இறக்கியதைச் சிலர் குறிப்பர். அமெரிக்கா தாய்லாந்துக்காக 2006 டிசம்பரில் நிறுவியதை வேறு சிலர். மலேசியாவும் அதே காலத்தில் தனக்கென மிதவைகளை நிறுவியது. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் தொடங்கியது.

அண்மைக்காலம். புதிய மிதவைகள் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளக்கின்றன. 2013 அக்டோபரில் பைலின் புயல் சென்ற பாதையருகே நின்ற ஒன்று, காற்றழுத்தம் சரியச் சரிய அதைக் கரைக்கு அனுப்பியது.