கூடைப்பந்துச் சூதும் கூலியற்ற ஆட்டக்காரரும்

ஐக்கிய அமெரிக்காவிலே கூடைப்பந்தாட்டம் இரு களங்களில் நடைபெறுகின்றது. ஒன்று கல்லூரிகள் நடத்துவது. மற்றையது சம்பளம் பெறும் ஆட்டக்காரரைக் கொண்ட தேசியக் கூடைப்பந்துச் சங்கம் நடத்துவது. இரண்டின்மீதும் மக்கள் பந்தயம் கட்டுகின்றனர். அணியின் வெற்றி தோல்வி மட்டுமன்றி, தனியோர் ஆட்டக்காரர் எத்தனை புள்ளிகள் பெறுவார் என்பதும் பந்தயப் பொருளாகிவிட்டது. தொழில்முறை ஆட்டத்தில் இது பெரிதும் அனுமதிக்கப்பட்டுள்ளது. கல்லூரி ஆட்டக்காரர்மீது இத்தகைய பந்தயத்தைப் பல மாநிலங்கள் தடுத்துள்ளன. ஒகையோ, மேரிலாண்ட், வெர்மொண்ட், லூசியானா ஆகியன 2024இல் அவ்வழிச் சென்றன. மாணவர் இளையவர், ஆதலாற் காக்கப்படவேண்டியவர் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். வரலாறோ வேறொரு காரணத்தை நமக்குக் காட்டுகின்றது.

முன்னர் எந்த அணி வெல்லும் என்பதே பந்தயமாக இருந்தது. 1940களிற் புள்ளி இடைவெளிப் பந்தயம் பரவிற்று. பலம் வாய்ந்த அணி பத்துப் புள்ளிகளால் வெல்லும் எனத் தரகர் குறிப்பாராயின், அதனிலும் கூடுதலாக வெல்லுமா என்பதே கேள்வி. மாற்றம் சிறிது, விளைவு பெரிது. தன் அணியைத் தோற்கடிக்காமலே ஒருவன் இலஞ்சம் பெறலாம். ஆறு புள்ளிகளால் வென்றாற் போதும்: வெற்றி கல்லூரிக்கு, இலாபம் சூதாடிக்கு.

நியூயோர்க் நகரக் கல்லூரி கட்டணமின்றிக் கற்பித்த நிறுவனம். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளான யூதரும் கறுப்பினத்தவரும் நிறைந்த அதன் அணி, 1950இல் நாட்டின் இரு பெரும் சுற்றுப்போட்டிகளையும் ஒருங்கே வென்றது. மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் ஆயிரமாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கினர். அரங்கு சம்பாதித்தது, கல்லூரிகள் சம்பாதித்தன, தரகர் சம்பாதித்தனர். ஆடியவனுக்கு மட்டும் ஊதியம் இல்லை. 1951 ஜனவரியில், மன்ஹட்டன் கல்லூரியின் ஜூனியஸ் கெலொக் என்னும் கறுப்பின மாணவர், தமக்குக் கொடுக்கவந்த ஆயிரம் டொலரை மறுத்து விடயத்தை வெளியிட்டார். விசாரணை விரிந்தது. ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர், 1947 முதல் 1950 வரையிலான 86 ஆட்டங்களுடன் தொடர்புபட்டிருந்தமை தெரியவந்தது. நகரக் கல்லூரியின் வெற்றி வீரரும் அவர்களுள் அடங்குவர். லோங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் சேர்மன் வைற் அக்காலத்தின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருள் ஒருவர். அவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தொழில்முறைக் களத்தின் கதவும் அவருக்கு மூடப்பட்டது. சூதாடி சல்வற்றோர் சொலாசோவும் சிறை சென்றார். நுழைவுச்சீட்டுப் பணத்தை எண்ணியோர் எவர்மீதும் வழக்கில்லை.

அடுத்து வந்த ஜாக் மொலினாஸின் கதை இன்னும் தெளிவானது. தம் அணிமீது பந்தயம் கட்டியமைக்காக 1954இல் தொழில்முறைச் சங்கம் இவரை வெளியேற்றியது. பின்னர் இவர் வலைவீசியது கல்லூரிகளில். கூலியில்லாதவன் மலிவாகக் கிடைப்பான் என்பதை அறிந்த மனிதர் அவர். 1961இல் அவ்வலை அறுந்தபோது, புரூக்லினின் வறிய கறுப்பின இளைஞரான கொனி ஹோக்கின்ஸ் அகப்பட்டார். அயோவாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். முதன்மை அணியில் ஆடவே தகுதி பெறாதவர். மொலினாஸிடம் 200 டொலர் கடன் பெற்றார். அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்மீது குற்றச்சாட்டே பதியப்படவில்லை. ஆயினும் பல்கலைக்கழகம் அவரைக் கைவிட்டது. தொழில்முறைச் சங்கமும் ஏற்க மறுத்தது. வழக்காடி 1969இலேயே அவர் அச்சங்கத்துட் புகுந்தார். ஓர் ஆட்டக்காரனின் வாழ்வில் எட்டாண்டுகள் என்பன எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1992இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களிலே தடுத்தது. அதனை முன்னின்று கொணர்ந்த நியூஜேர்சி செனட்டர் பில் பிராட்லி, இரு களங்களிலும் புகழுடன் ஆடியவர். 2018 மே மாதம் அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீக்கியதும் நியூஜேர்சியின் வழக்கிலேதான்! கல்லூரி விளையாட்டுச் சங்கமும் தொழில்முறைச் சங்கமும் அவ்வழக்கிற் சட்டத்தைக் காக்க ஒருங்கே நின்றன. தீர்ப்பு வந்து மூன்று மாதங்களுள் தொழில்முறைச் சங்கம் ஒரு சூதாட்ட நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

தனியாட்டக்காரர்மீதான பந்தயம் வளர்ந்ததும் இக்காலத்திலேயே. இடைவெளியைக் குலைக்கப் பெரும்பாலும் பலரின் உடன்பாடு தேவை. தன் எண்ணிக்கையைக் குறைக்கவோ ஒருவன் நோயென்று சொல்லிக் களம் நீங்கினாற் போதும். ரொறன்ரோ அணியின் ஜொன்ரே போர்ட்டர் 2024இல் அதையே செய்தார். சூதாட்டக் கடனிலிருந்து மீளவே அவ்வாறு செய்ததாக நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். அவர் வறியவரல்லர். ஆயினும் சங்கத்தின் சம்பளப் படிகளிற் கீழ்ப்படியான இருவழி ஒப்பந்தத்தில் இருந்தவர். அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டபின், பந்தய நிறுவனங்கள் சங்கத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: இருவழி ஒப்பந்தத்தாரும் பத்துநாள் ஒப்பந்தத்தாரும் குறைந்த எண்ணிக்கையே பெறுவர் என இனிப் பந்தயம் ஏற்பதில்லை. கோடீசுவர வீரர்மீது அத்தகைய பந்தயம் தொடர்கின்றது. வயதையன்று, சம்பளத்தை வைத்தே இக்கோடு கிழிக்கப்பட்டது.

கல்லூரிக் களமும் மாறிவருகின்றது. 2021 முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட வழக்குத் தீர்வின்படி, ஒரு கல்லூரி முதலாண்டில் ஏறத்தாழ 205 இலட்சம் டொலர்வரை தன் ஆட்டக்காரருக்கு நேரே வழங்கலாம். அவ்வாண்டு செப்டெம்பரில், தம் அல்லது தம் தோழரின் ஆட்ட எண்ணிக்கைகள்மீது பந்தயம் கட்டியமைக்காக மூன்று மாணவரின் ஆட்டத் தகுதி நிரந்தரமாகப் பறிக்கப்பட்டது. அவர்கள் ஆடியவை கலிபோர்னியாவின் பிரெஸ்னோ, சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகங்கள். அத்தகைய தொகையை அள்ளி வழங்கும் பெருங்கல்லூரிகளின் வரிசையில் இவை இரண்டும் இல்லை.