மைலுக்குக் கூலியா, நாளுக்குப் பரிசா?



வீடு கட்டியவர்கள் எல்லாரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. நாட்கூலிக்கு ஆள் வைத்தால் வேலை நீளும். மொத்தக் குத்தகைக்கு விட்டால் வேலை விரையும். ஆனால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்கே இப்படியென்றால், மக்களின் வரிப்பணத்தில் பாலமும் பாதையும் போடும் அரசாங்கத்தின் பாடு என்ன? குத்தகையாளருக்கு எதற்காகப் பணம் தருகிறோமோ அதைத்தான் அவர் பெருக்கிக் காட்டுவார். இதற்கு அமெரிக்க வரலாறு இரண்டு சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, கண்டத்தைக் கடந்த இரயில்பாதை. 1862ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதிபர் லிங்கன் பசிபிக் இரயில்பாதைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் நிறுவனமும், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் நிறுவனமும் பாதை போட வேண்டும். போடும் ஒவ்வொரு மைலுக்கும் அரசாங்கம் கடன் பத்திரங்கள் வழங்கும்: சமவெளியில் 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000 டாலர், மலையில் 48,000 டாலர். போதாததற்குப் பாதையின் இருமருங்கிலும் நிலமும் உண்டு.

இதன் விளைவு என்ன? மலை எங்கே தொடங்குகிறது என்பதே ஒரு வழக்காயிற்று. சாக்ரமென்டோ நகரிலிருந்து ஏழு மைல் தொலைவில் ஆர்கேட் கிரீக் என்னும் ஓடை உள்ளது. பார்த்தால் அது சமவெளிதான். ஆனால் மண்ணின் தன்மையைக் காரணம் காட்டி, சியாரா மலை அங்கேயே தொடங்குகிறது என்று முடிவு செய்யப்பட்டது. மூன்று மடங்கு பணம் கிடைத்தது! மறுபக்கம் ஒமாஹா நகருக்கு அருகில் யூனியன் பசிபிக் நேராகச் செல்லாமல் வளைந்து சென்றது. பாதை ஒன்பது மைல் நீண்டது.

இரு பாதைகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்று வரையறை இல்லாததால், யூட்டாவில் இன்னும் விந்தை நடந்தது. இரு நிறுவனங்களின் மண்வேலைக் குழுக்களும் ஒன்றையொன்று கடந்து, 200 மைலுக்கும் மேலாக அருகருகே இணையாக வேலை செய்தன. இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டுச் சந்திக்கும் இடத்தை முடிவு செய்தது. 1869 மே 10ஆம் நாள் புரோமன்டரியில் பாதைகள் இணைந்தன.

சட்டம் கொடுத்த கெடு 1876. ஏழாண்டுகள் முன்னதாகவே வேலை முடிந்தது மறுக்க முடியாத சாதனைதான். ஆனால் அவசரத்தில் போட்ட பாதையின் பல பகுதிகளைப் பின்னர் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. யூனியன் பசிபிக்கின் உள்வட்டத்தினரே கிரெடிட் மொபிலியே என்ற கட்டுமான நிறுவனத்தையும் நடத்தி, தங்களுக்குத் தாங்களே கூடுதல் விலைக்குக் குத்தகை கொடுத்துக்கொண்ட ஊழல் 1872இல் வெளியாயிற்று. மேற்குப் பகுதியில் பனியிலும் பாறையிலும் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். மைலுக்குக் கிடைத்த பரிசு அவர்களை எட்டவில்லை. 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் உணவை நிறுத்தி அவர்களைப் பணிய வைத்தது.

இனி, இரண்டாவது சான்று. 1994 ஜனவரி 17ஆம் நாள் அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியது. சாந்தா மோனிகா நெடுஞ்சாலையின் பாலங்கள் இடிந்து விழுந்தன. அந்தச் சாலை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் நட்டம் என்று மாநில அரசாங்கம் கணக்கிட்டது. எனவே விலையை மட்டுமன்றி, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்பதையும் சேர்த்தே குத்தகையாளர்களிடம் கேட்டது. சி. சி. மயர்ஸ் நிறுவனம் 149 இலட்சம் டாலருக்கும் 140 நாளுக்கும் ஒப்பந்தம் பெற்றது. ஒருநாள் முந்தினால் இரண்டு இலட்சம் டாலர் பரிசு. ஒருநாள் பிந்தினால் அதே தொகை தண்டம்.

இரவு பகலாக வேலை நடந்தது. 66 நாளில் பாலங்கள் எழுந்தன! 74 நாள் மிச்சம். பரிசு 148 இலட்சம் டாலர். ஒப்பந்த விலைக்கு நிகரான பரிசா என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் அரசாங்கத்தின் கணக்குப்படி, அந்த 74 நாளில் மக்கள் இழக்காமல் காத்துக்கொண்டது 740 இலட்சம் டாலர் அல்லவா?

2007 ஏப்ரலில், ஓக்லந்து நகருக்கு அருகே எரிபொருள் லாரி தீப்பற்றி மற்றொரு மேம்பாலம் சரிந்தது. அப்போதும் ஒருநாளுக்கு இரண்டு இலட்சம் டாலர்தான் பரிசு. ஆனால் 50 இலட்சத்துக்கு மேல் இல்லை என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது. அதே நிறுவனம் ஒரு மாதத்திற்குள் வேலையை முடித்து, அந்த உச்சத் தொகையைப் பெற்றது.

நேயர்களே, இரண்டு ஒப்பந்தங்களும் ஆசையைத்தான் கருவியாகக் கொண்டன. பிறகு ஏன் இந்த வேறுபாடு? மைல் என்பது கட்டுபவர் கையால் நீட்டக்கூடிய அளவு. நாள்காட்டியை யாரும் வளைத்துப் போட முடியாது. இரயில்பாதையில் வழியையும் நிறுவனமே வகுத்தது. பாலத்திலோ எங்கே, எதைக் கட்டுவது என்பது முன்பே உறுதியாக இருந்தது. பிந்தினால் தண்டமும் இருந்தது.

அதற்காக நாளுக்குப் பரிசு என்பது குறையற்ற முறை என்று கருதிவிடக் கூடாது. கெடுவைத் தாராளமாக வைத்தால், உழைக்காமலே பரிசு கிடைத்துவிடும். மேற்பார்வை தளர்ந்தால், மிச்சமான நாட்களை உறுதியற்ற தூணும் தொழிலாளியின் உடம்பும் ஈடுகட்ட நேரும். ஆகவே பரிசை அறிவிக்குமுன் அரசாங்கம் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எதை அளக்கப் போகிறோம்? அளப்பவர் யார்? அவசரத்தின் சுமை யார் தோளில் விழும்? இம்மூன்றுக்கும் விடை தெளிவாக இருக்குமானால், பரிசாகக் கொடுக்கும் பணம் மக்களுக்கே பயனாகத் திரும்பி வரும்.