டொலர் யாருடைய காசு?

2022 இல் கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றபோது நாங்கள் அதிகம் பேசிய சொல் டொலர். வகுப்பில் பிள்ளைகளும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால், டொலர் அமெரிக்காவில் பிறந்த காசல்ல என்று சொன்னால் பெரியவர்களே நம்புவதில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்கா பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த காலத்தில் அங்கே வெள்ளிக் காசுக்குப் பெரும் தட்டுப்பாடு. லண்டனிலிருந்து போதிய காசு வரவில்லை. காசு அடிப்பது மன்னரின் உரிமை என்பதால் தாங்களாகவே அடிக்கவும் முடியாது. 1649 இல் மன்னர் முதலாம் சார்ள்ஸ் கொல்லப்பட்டு, இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லாமல் போனது. அந்த இடைவெளியில், 1652 இல், மசசூசெட்ஸ் குடியேற்றம் பொஸ்டனில் ஒரு நாணயச்சாலையைத் திறந்தது. ஜோன் ஹல், ரொபர்ட் சாண்டர்சன் என்ற இருவர் அதை நடத்தினார்கள்.

1660 இல் மன்னராட்சி திரும்பிய பிறகும், ஏறத்தாழ 1682 வரை அங்கே காசு அடித்தார்கள். ஆனால் பைன் மரம் பொறித்த அந்த ஷில்லிங்குகளில் ஆண்டு 1652 என்றே இருந்தது. மன்னர் இல்லாத காலத்துக் காசு என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். 1684 இல் அந்தக் குடியேற்றத்தின் சாசனம் ரத்தானது. அனுமதியில்லாமல் காசு அடித்ததும் அவர்கள் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஆனாலும் கடைத்தெருவில் அதிகம் புழங்கியது ஸ்பெயினின் எட்டு ரியால் காசுதான். இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையிலும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளியில் அடித்தது. ஆங்கிலேயர் 'ஸ்பானிய டொலர்' என்று சொன்னது அதைத்தான். சில்லறை இல்லாவிட்டால் அதையே துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்கள். 1775 இல் பிரித்தானியாவை எதிர்த்துப் போராடியபோது அமெரிக்கர் அச்சிட்ட தாள் பணத்திலும் ஸ்பானிய டொலர் தருவதாகவே வாக்குறுதி இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1792 ஏப்ரல் 2 இல் நாணயச் சட்டம் வந்தது. புழக்கத்திலிருந்த ஸ்பானிய டொலரின் பெறுமதியே அமெரிக்க டொலரின் பெறுமதி என்று அது சொன்னது. ஒரு டொலரில் ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி இருக்க வேண்டும். நாணயச்சாலை அலுவலர் மோசடியாக அதைக் குறைத்தால் மரண தண்டனை!

1794 இல் பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த முதல் வெள்ளி டொலர்கள் வெறும் 1,758. இது ஒரு நாட்டுக்கு எப்படிப் போதும்? அதனால் 1793 இன் இன்னொரு சட்டம், எடை சரியாக இருந்தால் ஸ்பானிய டொலர் ஒன்றை 100 சதத்துக்குச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்று வைத்திருந்தது. கடன் கொடுத்தவர் 'இது வேற்று நாட்டுக் காசு' என்று மறுக்க முடியாது.

அடுத்து வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அமெரிக்க டொலரைக் கொடுத்து, வெள்ளி சற்றுக் கூடிய ஸ்பானிய டொலரை ஒன்றுக்கு ஒன்று வாங்கினார்கள். அதை உருக்கி மறுபடியும் அமெரிக்க டொலர் அடிக்கக் கொடுத்தார்கள். அடித்த காசெல்லாம் நாட்டை விட்டுப் போனதால், 1804 இல் வெள்ளி டொலர் அடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் 1804 என்று பொறித்துச் சில டொலர்களைப் பரிசுக்காகவே அடித்தார்கள். அவற்றில் ஒன்று 1835 இல் மஸ்கட் சுல்தான் செய்யித் சயீதுக்குப் போனது.

1857 இல்தான் வேற்று நாட்டுக் காசுகளின் சட்ட அந்தஸ்து நீக்கப்பட்டது. 1776 இல் சுதந்திரம் அறிவித்த நாடு, தன் காசை மட்டும் வைத்து வாழ 81 வருடங்கள் எடுத்தது. 1794 டொலர் இன்றும் சட்டப்படி ஒரு டொலர்தான். ஆனால் 2013 இல் அப்படியொன்று ஒரு கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது.

இன்று உலகமே டொலரை நம்புகிறது. அந்த டொலரே ஒரு காலத்தில் ஸ்பெயினின் காசை நம்பித்தான் நடக்கப் பழகியது. எங்கள் ரூபாயைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம். ஒரு நாட்டின் காசுக்கு மதிப்பு வர, சரியான நிறையும் நேர்மையான சட்டமும் நிறையப் பொறுமையும் வேண்டும்.