சாமிக்கண்ணு வாங்கிய படப்பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சித்தேரியில் என்னிடம் நாலாவது, அஞ்சாவது படித்தவன். இப்போது கீழே அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் கேபிள் நடத்துகிறான். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு ஆள் தெரிந்துவிடும். டீ குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"இணைப்பு பாதிக்கும் கீழ போயிடுச்சுங்க சார். எல்லாரும் செல்லுலயே பாத்துக்கறாங்க. வித்துட்டு வேற வேலை பாருன்னு வீட்டுல சொல்றாங்க. படம் காட்டறவன் பொழப்பு எப்பவுமே இப்படித்தானுங்களா சார்?"

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். கட்டணம் கட்ட வேண்டும். கேபிளுக்காக வாங்கிய கடனும் பாக்கி. "யோசித்துச் சொல்றேன்பா" என்று அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாத்தியார் புத்தி, எதைக் கேட்டாலும் வரலாற்றுக்குப் போய்விடும். அதனால்தான் இந்தப் பதிவு.

இவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மலைக்கு வேலைக்கு வந்த புதிதில், பிள்ளைகள் சிலரைக் கீழே கூட்டிப்போய் டூரிங் டாக்கீஸில் படம் காட்டினேன். பலருக்கு அதுதான் முதல் சினிமா. மணல் தரை, கீற்றுக் கொட்டகை, இடைவேளைக்கு முறுக்கு. எல்லாப் பிள்ளைகளும் திரையைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் பின்பக்கம் திரும்பி, வெளிச்சம் வரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையைப் பிடித்துத் திருப்பி விட்டேன். மறுபடியும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவன் கேபிள் ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

அவனைப் போலவே அந்த ஓட்டையைப் பார்த்து மயங்கிய இன்னொரு ஆள் நம் பக்கத்துக் கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை, மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்தக் காலத்தில் ரயில்வே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். பாரீஸில் லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டி அப்போது பத்து வருடம்கூட ஆகவில்லை. வந்த இடத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஊருக்குத் திரும்ப வேண்டும், கையில் இருக்கும் படப்பெட்டியையும் படச்சுருள்களையும் விற்றாக வேண்டும். வாங்கியவர் நம் சாமிக்கண்ணு. சுருள்களில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 25 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றால் 80 மாதச் சம்பளம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், ஆறரை வருடத்துக்கு மேல் வேலை செய்த காசு. அவருக்கு வயது இருபத்திரண்டு. அந்தப் பணத்தைப் போட்டு, வேலையையும் விட்டார். நம் வீட்டுப் பையன் ஒருவன் இப்படிச் செய்தால் நாம் என்ன பேசுவோம் என்று நினைத்துப் பாருங்கள். நானே நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கூடாரம் அடித்து, கையால் சுற்றும் எந்திரத்தை வைத்துப் படம் காட்டினார். சென்னையில் எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் போட்டார். லக்னோ, லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். இந்தப் பக்கம் ரங்கூன் வரைக்கும் போனார். வரைபடம் எடுத்துப் பாருங்கள்: கைபர் கணவாய் ஒரு முனை, பர்மா இன்னொரு முனை. வாய் பேசாத படம் என்பதால் எந்த ஊரிலும் மொழிச் சிக்கல் இல்லை. ரயில்வேயில் இருந்தவருக்கு எந்த ரயில் எங்கே போகும் என்று தெரிந்திருக்கும், அது கூடுதல் வசதி என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கூட்டம் இருக்கும் இடத்துக்குப் படத்தைக் கொண்டுபோவதுதான் அந்த ஒன்பது வருடமும் அவர் செய்த தொழில். 1914-ல் அதை மாற்றினார். கோவையில் நிலையான கட்டடம் கட்டி, கூட்டம் தன்னிடம் வரும்படி செய்தார். அதுதான் வெரைட்டி ஹால். அந்தத் தெருவுக்கே இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அந்தக் காலத்து அரங்குகளில் படத்துக்கு நடுவே நாட்டியம், குத்துச்சண்டை எல்லாம் நடக்கும்.

தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் அதுதான் என்று சொல்வார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் நடத்திய எலக்ட்ரிக் தியேட்டர் அதற்கும் முந்தியது. அந்தக் கட்டடம் பிறகு தபால் துறைக்குப் போனது. ரகுபதி வெங்கையாவின் கெயிட்டியும் சென்னையில் அதே 1914-தான். யார் முதல் என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. எனக்கு முக்கியம் வேறு.

படம் காட்ட மின்சாரம் வேண்டும். அன்றைய கோவையில் அது கிடையாது. பைகாரா மின்சாரம் வருவது 1930-களில்தான். ஆகவே சாமிக்கண்ணு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து சொந்தமாக மின்சாரம் எடுத்தார். அந்த எந்திரம் ராத்திரி படம் ஓட்டும்போது மட்டும்தானே வேலை செய்யும்? பகலில் சும்மா கிடக்கிறதே என்று யோசித்திருக்கிறார். மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார். நெல்லும் மாவும் அரைக்கும் மின்சார மில் வைத்தார். அக்கம்பக்கத்துக்கும் மின்சாரம் கொடுத்தார். கோவையில் முதலில் விளக்கு எரிய வைத்தவர் அவர்தான் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். படத்தில் கூட்டம் குறைந்த மாதத்திலும் மாவு அரைக்க வருகிறவன் வந்துதான் ஆக வேண்டும். இந்த இடத்தை என் மாணவன் இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எடிசன் முதலான மற்ற அரங்குகளும் அவர் கைக்கு வந்தன. 1931-ல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும், படம் எடுக்கவும் இறங்கினார். 1933-ல் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்', டி.பி. ராஜலட்சுமி நடித்தது, நன்றாக ஓடியது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தொடங்கிய பங்காளிகளில் அவரும் ஒருவர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-ல் அந்த ஸ்டூடியோவில் எடுத்ததுதான். அதைப் பார்க்க சாமிக்கண்ணு இல்லை. 1942-ல் காலமாகிவிட்டார். அரங்குகள் குடும்பத்தார் கைக்குப் போயின.

வெரைட்டி ஹால் பிற்பாடு டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, பழைய படங்களை ஓட்டிக்கொண்டு கிடந்தது. சில வருடங்களுக்கு முன் இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு சரியில்லை.

டி.வி. வந்திருந்தால் சாமிக்கண்ணு என்ன செய்திருப்பார்? அதற்கு விடை சொல்ல அவர் இல்லை. ஆனால் குடும்பத் தியேட்டர்களை வைத்துக்கொண்டு டி.வி.யை நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். சிட்னி பெர்ன்ஸ்டீன். 1899-ல் பிறந்தவர். அப்பாவிடமிருந்து சில அரங்குகள் இருபத்து சொச்சம் வயதிலேயே அவர் கைக்கு வந்தன. தம்பி சிசிலும் கூட நின்றார். பெர்ன்ஸ்டீனிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: படம் பார்க்க வருகிறவர்களிடம் அச்சடித்த கேள்வித்தாள் கொடுத்து, எந்த நடிகர் பிடிக்கும், எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று எழுதி வாங்குவார். நம் ஊர்த் தியேட்டரில் யாராவது நம்மைக் கேட்டதுண்டா?

ஸ்பெயினில் சுற்றுலா போன ஊரின் நினைவில் தன் அரங்குகளுக்குக் கிரனடா என்று பெயர் வைத்தார். லண்டனில் டூட்டிங் என்ற பகுதியில் 1931-ல் திறந்த கிரனடா அரங்கு உள்ளே தேவாலயம் மாதிரி வளைவும் தூணுமாக இருக்கும். படத்தைத்தான் பார்த்திருக்கிறேன், போனதில்லை.

1946-ல் இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் 160 கோடிக்கு மேல் சினிமா டிக்கெட் விற்றது. 1960-ல் அது 50 கோடி. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஊரில் 1990-களில் நடந்தது அங்கே அப்போதே நடந்துவிட்டது. தனியார் டி.வி.க்கு அரசாங்கம் அனுமதி கொடுக்கப்போகிறது என்றபோது பெர்ன்ஸ்டீனுக்கு அதில் இஷ்டமே இல்லை. டி.வி. பி.பி.சி. கையிலேயே இருக்கட்டும் என்ற கட்சி அவர். ஆனால் எப்படியும் வரத்தான் போகிறது என்று தெரிந்ததும், வெளியே நின்று புலம்பாமல் மனு போட்டார். 1954-ல் வட இங்கிலாந்துக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒளிபரப்பும் உரிமை கிடைத்தது.

லண்டனை விட்டு ஏன் வடக்கே போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மக்கள்தொகை வரைபடத்தையும் மழை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் என்பாராம். ஜனமும் அதிகம், மழையும் அதிகம், ஆகவே வீட்டுக்குள் இருப்பார்கள். வேடிக்கைப் பேச்சுதான், ஆனாலும் வியாபாரம் தெரிந்த ஆள்.

1956 மே 3-ம் தேதி மான்செஸ்டரில் ஒளிபரப்பு தொடங்கியது. தொடக்கத்தில் நஷ்டமான நஷ்டம். விளம்பரம் வரவில்லை. மூழ்கிவிடுவோம் என்ற நிலையில் லண்டன் கம்பெனி ஒன்றோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார். நஷ்டத்தை அவர்கள் தாங்கிக்கொள்வது, பதிலுக்குப் பிற்பாடு வரும் லாபத்தில் பெரும் பங்கு அவர்களுக்கு. பிறகு லாபம் கொட்டியபோது அந்த ஒப்பந்தம் அவருக்குக் கசந்திருக்கும். ஆனால் அது இல்லாமல் போயிருந்தால் லாபம் வரும் நாள்வரை கம்பெனியே இருந்திருக்காது. 1960 டிசம்பரில் 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' என்ற தொடரை ஆரம்பித்தார்கள். அந்த வடக்குப் பகுதியின் சாதாரணத் தெரு, அங்கே குடியிருக்கும் ஜனங்கள், அவர்கள் பேசும் பேச்சு. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் செய்தார்கள். டி.வி. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மாத வாடகைக்குப் பெட்டி கொடுக்கும் தொழிலையும் கிரனடா நடத்தியது. டூட்டிங் அரங்கு 1976-ல் பிங்கோ என்ற எண் விளையாட்டுக் கூடமாக மாறியது. படம் போனாலும் கட்டடம் தப்பித்தது, இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். பெர்ன்ஸ்டீன் 1993-ல் இறந்தார். அதே வருடம் ஏப்ரல் 14-ம் தேதி இங்கே சன் டி.வி. தொடங்கியது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது நினைவில் நிற்கிறது.

நம் கதை உங்களுக்கே தெரியும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தாலும் நம் மலைக்கு அது பேப்பர் செய்திதான். பிறகு கேபிள் வந்தது, டூரிங் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கீற்றைப் பிரித்தன. கொட்டகைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியவர்களில் என் மாணவனும் ஒருவன், அப்போது அவனுக்கு அது தெரியவில்லை. 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்தபோது அவனுக்கு நல்ல காலம். வீட்டுக்கு வீடு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி இணைப்பு. அப்புறம் கூரைக்குக் கூரை டிஷ், இப்போது கைக்குக் கை செல்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். படம் காட்டுகிறவன் பிழைப்பு எப்பவுமே இப்படித்தான். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை வரலாறு சொல்லாது, உன் கணக்கு நோட்டு சொல்லும். ஆனால் உன்னிடம் இருப்பது கேபிள் மட்டும்தானா என்று யோசி. தெருத் தெருவாக நீ இழுத்த ஒயர் இருக்கிறது, கம்பம் ஏறத் தெரிந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் நாணயமாகப் பணம் கட்டுவார்கள் என்று இருபத்தைந்து வருடமாக உனக்குத் தெரியும். அதே வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் வேலையைச் சில ஊர்களில் கேபிள்காரர்களே செய்கிறார்கள். அதற்குப் புதுக் கடன் எவ்வளவு ஆகும், பழைய கடனோடு சேர்ந்து தாங்குமா என்பது தெரியாமல் நான் செய் என்று சொல்ல மாட்டேன். சாமிக்கண்ணுவுக்கு இருபத்திரண்டு வயது. உனக்கு ஐம்பது, கல்லூரியில் படிக்கும் பெண் வேறு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். நோட்டைக் கொண்டு வா. முதல் பக்கத்திலிருந்து பார்ப்போம். மகளையும் கூட்டி வா, வட்டிக் கணக்கு அவள் போடட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரூர் பக்கத்து டூரிங் டாக்கீஸ் புகைப்படமோ, பழைய டிக்கெட்டோ யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அன்று என்னோடு வந்து மணலில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்றும் எழுதுங்கள். எனக்கு ஏழு பேர்தான் ஞாபகத்தில் இருக்கிறது. எப்படியும் ஒன்பது பேராவது வந்திருப்பீர்கள், முறுக்குக்குக் காசு கொடுத்தது நான்தானே.