உலோகம் வெட்டும் லேசர்

உலோகம் வெட்டும் லேசர் என்பது ஒளிக்கற்றையை ஒரு புள்ளியிற் குவித்துத் தகட்டை உருக்கியோ எரித்தோ அறுக்கும் கருவி. தொழிற்சாலைகளுக்கென வளர்ந்த இதைச் சொந்தப் பட்டறையிற் செய்து பார்ப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவிற் பாடசாலை மாணவர் ஒருவர் அமைத்த காபனீரொட்சைட்டு லேசரை 1971 செப்டெம்பரிலேயே ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகை விவரித்தது.

காபனீரொட்சைட்டு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராட்டிர மாநிலம் பாராமதியில் 1938இல் பிறந்த குமார் பட்டேல். புனேயிற் பொறியியல் படித்து, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1961இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்து மூன்றே ஆண்டில், 1964இல், இதைச் சாதித்தார். இன்றைய வெட்டு இயந்திரங்களின் வரலாற்றில் இவர் பெயர் முதல் வரியில் நிற்கவேண்டியது. நம் பாடசாலை மாணவர்கள் கட்டாயம் அறியவேண்டியதும்கூட.

இந்த லேசரின் குழாயினுள் குறைந்த அமுக்கத்தில் காபனீரொட்சைட்டு, நைதரசன், ஈலியம் மூன்றும் கலந்திருக்கும். மின்னிறக்கத்தால் அதிரும் நைதரசன் மூலக்கூறு, மோதும்போது தன் சக்தியைக் காபனீரொட்சைட்டுக்குக் கைமாற்றிவிடும். ஈலியம் வெப்பத்தைக் குழாய்ச் சுவருக்குக் கடத்தும். வெளிவருவது 10.6 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். சாதாரணக் கண்ணாடி இக்கதிரை உறிஞ்சிவிடுவதால், குவிக்கும் வில்லையை நாக செலனைட்டிற் செய்கிறார்கள்.

ஒளி மட்டும் இரும்பை வெட்டிவிடும் என்று நினைப்பது தவறு. ஸ்கந்தபுரம் போன்ற வயலூர்களில் உழவு இயந்திர உதிரிகளுக்குத் தகடு வெட்டும் கேஸ் கட்டரைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். அசற்றலீன் சுவாலை இரும்பைச் செஞ்சூடாக்கும். பிறகு பிடியை அழுத்தினால் பீறிடும் ஒட்சிசன்தான் இரும்பை எரித்துப் பொறிபறக்கக் கீழே தள்ளும். 1967இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஒட்டுவேலை ஆய்வு நிறுவனத்தில் பீற்றர் ஹோல்ட்கிராவ்ற் கையாண்டதும் இதே வழிதான். சுவாலையின் இடத்தில் 300 வாற்று லேசரை வைத்து, கூடவே ஒட்சிசனைப் பாய்ச்சி, 1 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை அறுத்தார்.

வீட்டு ஆக்கங்கள் தடுமாறும் இடமும் இதுவே. 40 வாற்றுக் கண்ணாடிக் குழாய் பலகையையும் அக்கிரிலிக்கையும் வெட்டும். உருக்கில் அடையாளம் போடவே சிரமப்படும். நூறு வாற்றுக்கு மேற்பட்ட குழாயும், நுண்ணிய குவியமும், ஒட்சிசன் தாரையும் சேர்ந்தாற்றான் மெல்லிய தகடு அறும். செம்பும் அலுமினியமும் இந்த அலைநீளத்தைப் பெரும்பாலும் தெறித்துத் திருப்பிவிடும். அதனால் இன்று உலோக வேலை பெரும்பாலும் 1 மைக்ரோமீற்றர் அளவில் இயங்கும் நார் லேசர்களின் கைக்குப் போய்விட்டது.

ஆபத்து பலவகை. குழாய்க்கு ஏற்றும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோற்றைத் தாண்டும். கைபட்டால் உயிர் போகும். நாகம் பூசிய தகட்டை வெட்டும்போது எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். காபனீரொட்சைட்டு லேசரின் கதிர் விழிவெண்படலத்தைச் சுடும். நார் லேசரின் கதிரோ விழித்திரைவரை சென்று பார்வையையே நிரந்தரமாகப் பறித்துவிடும்; கதிர் தெரியாததால் கண் தானாகச் சிமிட்டவும் மாட்டாது. அந்தந்த அலைநீளத்துக்கென்றே செய்த காப்புக் கண்ணாடியும், கதவு திறந்தால் மின் துண்டிக்கும் மூடிய பெட்டியும் இல்லாமல் எவரும் இக்கருவியை இயக்கக்கூடாது.