உபதேசியார் கையில் இருந்த சபை

1816-ஆம் ஆண்டு பாளையங்கோட்டைப் படைக்குக் கம்பெனிக் குருவாக வந்து சேர்ந்த ஜேம்ஸ் ஹஃப், திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் எவரேனும் மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரித்தார். அங்கேயே தங்கி வேலை செய்த ஐரோப்பிய மிஷனரி எவரும் வெகுகாலமாக இல்லை. 1811-இல் பரவிய விஷக்காய்ச்சலில் ஊர் ஊராகச் சாவு விழுந்தபோது பயந்து பழைய தெய்வங்களிடம் திரும்பியவர்களும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் பல சிற்றூர்களில் ஏறத்தாழ 3,000 பேர் கிறிஸ்தவர்களாக நிலைத்திருப்பதை அவர் கண்டார். அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் தஞ்சாவூரிலிருந்து வந்த, குருப்பட்டம் பெற்ற இந்தியரான ஒரு நாட்டையரும், ஊருக்கு ஊர் இருந்த உபதேசியார்களும்தான். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவர், 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, 1785-இல் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் அழைத்த ஆலயத்தைக் கட்டிய குளோரிந்தா. நாற்பது பெயர் ஒரு தலைமுறைக்குள் மூவாயிரமானதைவிட, மேய்ப்பர் இல்லாத காலத்திலும் அந்த மூவாயிரம் கலைந்துபோகாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

கிறிஸ்தவச் சீடத்துவத்தில் வளர்வதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக ஒரு வரிசையை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். முதலில் கற்க வேண்டும், பிறகு சோதிக்கப்பட வேண்டும், பிறகு முதிர வேண்டும், அதற்குப் பின்தான் பொறுப்பு. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையின் முந்நூறு ஆண்டு வரலாற்றைப் படிப்பவர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் காண்பார். பொறுப்பு முன்னே வந்தது, முதிர்ச்சி அதன் பின்னே வந்தது. பொறுப்பைக் கொடுக்கத் தயங்கிய இடங்களில் சபை ஆண்டுக்கணக்கில் குழந்தையாகவே கிடந்தது. இதற்கு மிகத் தெளிவான சாட்சி, இன்று நாம் அதிகம் நினைக்காத உபதேசியார் என்ற ஊழியர்.

உபதேசியார் குருப்பட்டம் பெறாதவர். ஞானஸ்நானமோ திருவிருந்தோ கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. மற்ற எல்லாமே அவர் தலையில்தான். காலையிலும் மாலையிலும் ஜெபத்துக்கு ஆள் கூட்ட வேண்டும். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை ஆகியவற்றை வாய்ப்பாடமாக ஏற்ற வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அடக்கம் நடத்துவதும், புருஷன் பெண்சாதி சண்டையில் நடுவில் நிற்பதும் அவர் வேலைதான். பனையேற்றுக் காலத்தில் விடியலுக்கு முன்னே மரமேறப் போய்விடும் மக்களை எந்த நேரத்தில் ஒன்றுசேர்க்கலாம் என்பது பாளையங்கோட்டையில் இருந்த ஐயருக்குத் தெரியாது, உபதேசியாருக்குத் தெரியும். இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இறையியல் கல்லூரி எதையும் அவர்கள் பார்த்ததில்லை. தனக்கே புதிதாக இருந்த ஒன்றை இன்னொருவனுக்குப் புரியவைக்க வேண்டிய கட்டாயம்தான் அவர்களுக்குக் கல்லூரியாக இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து சொந்தச் சீமைக்குத் திரும்பிய டேவிட் சுந்தரானந்தத்தின் கதையும் இதேதான். 1797 வாக்கில் அவர் தம் உறவினர்களிடையே பேசத் தொடங்கினார். எதிர்ப்பு எழுந்து வீடுகளை இழந்தவர்கள் 1799-இல் ஒரு துண்டு நிலத்தில் குடியேறி, முதலூர் என்று அதற்குப் பெயரிட்டார்கள். புது விசுவாசிகளுக்கு ஊர் கட்டவும், கிணறு வெட்டவும், தங்களுக்குள் நியாயம் தீர்க்கவும் வேண்டியிருந்தது. வேதம் படித்து முடித்துவிட்டு ஊர் கட்டலாம் என்று அவர்கள் காத்திருக்க வழியே இல்லை. அந்தக் கட்டாயம் இல்லாமல் போயிருந்தால் ஹஃப் வந்தபோது அங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். உபதேசியார்களைத் தவறாமல் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, அவரவர் ஊர்ச் செய்திகளைக் கேட்டு, வேதபாடம் நடத்தி, மறுபடியும் ஊருக்கு அனுப்பினார். 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தியது. பதினைந்து ஆண்டுகளில் சபை மக்கள் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சியின் நடுவில்தான் ஒரு பெரிய பிளவும் வந்தது. தம் உபதேசியார்களில் தேறியவர்களுக்குத் தாமும் தம் ஜெர்மானியத் தோழர்களுமே குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்று ரேனியஸ் விரும்பினார். ஆங்கிலிக்கன் பிஷப்பின் கையால்தான் அது நடக்க வேண்டும் என்றது அவரை அனுப்பிய சங்கம். ஆங்கிலத் திருச்சபையின் சில ஒழுங்குகளை அவர் வெளிப்படையாக விமரிசித்ததும் சேர்ந்துகொள்ள, 1835-இல் அவர் நீக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து 1838-இல் இறந்தும் போனார். பிஷப் வேண்டுமா வேண்டாமா என்ற சச்சரவாக இதைச் சொல்வது வழக்கம். அடியில் இருந்த கேள்வி வேறு என்று நான் நினைக்கிறேன். ஊரில் ஏற்கெனவே மேய்ப்பர் வேலை செய்துகொண்டிருந்த மனிதனை மேய்ப்பர் என்று அழைக்க எவ்வளவு காலம் காக்க வைக்கலாம் என்பதே அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். உபதேசியார் சம்பளம் வாங்கியவர், வயிற்றுப்பாட்டுக்காக ஜெபம் நடத்தியவரின் முதிர்ச்சியை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். பதிலாக ரேனியஸிடம் படித்த ஒருவரையே காட்டலாம். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் மிஷன் சம்பளத்தை நம்பாமல், தேவைகளுக்குக் கடவுளையே நோக்கியிருப்பது என்ற தீர்மானத்துடன், 1840-இல் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை அமைத்தார். குருப்பட்டம் இல்லாத விசுவாசிகளே அங்கே வாரந்தோறும் அப்பம் பிட்டார்கள். 1860-இல் திருநெல்வேலியில் எழும்பிய எழுப்புதல் அவரைச் சுற்றியே கிளம்பியது. எழுத்தறியாத ஆண்களும் பெண்களும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார்கள். சம்பளம் இல்லாத இடத்தில் பொறுப்பு இன்னும் வேகமாகப் பரவியது என்பதைத்தான் இது காட்டுகிறது.

ஆனால் அந்த எழுப்புதலே வேறொரு மறுப்புக்கும் இடம் கொடுக்கும். தரிசனம், தீர்க்கதரிசனம், உணர்ச்சிப் பெருக்கு என்று அது போன போக்கைப் பார்த்து அன்றைய மிஷனரிகளில் சிலர் அஞ்சினார்கள். ஆயத்தமில்லாதவர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று இன்றும் சொல்லலாம். இதன் தொடர்ச்சியாகத் திருவிதாங்கூரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1881-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்து, ஒரு கூட்டத்தையே தம் பின்னால் இழுத்துச் சென்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. அவர் பாமரர் அல்ல, கற்றறிந்தவர், முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். படிப்பும் பட்டமும் தவறுக்கு வேலி ஆகவில்லை. வேலியாக இருந்திருக்கக் கூடியது, தவறு என்று அவரிடம் நேருக்கு நேர் சொல்லக்கூடிய, பொறுப்பில் பழகிய சபையார்தான். அப்படிப்பட்ட சபையாரை உண்டாக்கவும் பொறுப்பைப் பகிர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு சாதி. அதை மழுப்பிவிட்டுப் போக முடியாது. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கி, 27 ஆண்டுகள் கழித்து, 1733 டிசம்பரில் ஆரோன் என்ற கடலூர்க்காரர் முதல் நாட்டையராக அபிஷேகம் பெற்றார். அவரோடு ஒப்பிடக்கூடிய இன்னொருவரும் அந்தக் காலத்தில் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பகுதிகளை வாசித்து மனம் மாறியவர். அடியும் வழக்கும் தாங்கி, தஞ்சைச் சீமையில் பல பத்தாண்டுகள் உபதேசியாராக உழைத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. கொடுக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்பதுதான் காரணம். அவர் ஆயத்தமாக இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆயத்தமாகாமல் இருந்தது சபைதான். நூறு ஆண்டு கழித்து, 1833-இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் எழுந்த கலகத்தைப் பார்த்தால், அன்று ராஜநாயக்கனை ஒதுக்கியதற்குச் சபை எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். அவர் கையால் அப்பம் வாங்கப் பழகியிருந்தால் தஞ்சைச் சபையார் ஒரு தலைமுறைக்குள் எதையாவது கற்றிருப்பார்கள். கற்பதற்கான அந்த ஒரே வாய்ப்பை, அவர்கள் இன்னும் கற்கவில்லை என்பதையே காரணமாகச் சொல்லி அடைத்துவிட்டார்கள். சீடத்துவ வரலாற்றில் இதைவிட வருத்தமான பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. சாதி அகன்ற பிறகு பொறுப்பு என்று காத்திருந்த சபைகளில் சாதியும் அகலவில்லை, பொறுப்பும் இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ரேனியஸை அனுப்பிய அதே சங்கத்துக்கு லண்டனில் செயலாளராக இருந்த ஹென்றி வென், சபை தன்னைத் தானே நடத்தி, தானே தாங்கி, தானே பரப்ப வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பெண்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, அதைச் சபைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்மைத் தாங்கப் பிறர் வேண்டியிருந்தவர்கள் பிறரைத் தாங்கத் தொடங்கியது அந்தப் பானையில்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானபோது, இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்று சபையார் துணிந்து தீர்மானித்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பழக்கம் இருந்தது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளைக் கிராமக் குருவானவரின் மகன் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருப்பது சரியில்லை என்று உணர்ந்து, 1909-இல் அவரே நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு கற்றார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து நின்று, மிஷனரிகள் பணத்தையும் உழைப்பையும் தந்தார்கள், நட்பைத் தரவில்லை என்ற பொருளில் பேசினார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆரோன் முதல் அசரியா வரை 179 ஆண்டுகள். அப்போதும்கூட இன்னும் காலம் ஆகவில்லை என்று சொன்னவர்கள் ஐரோப்பியரில் மட்டுமல்ல, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் இருந்தார்கள்.

தோர்ணக்கல்லில் அசரியா செய்ததுதான் இந்த வாதத்துக்கு முடிவான சான்று. அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட சாதியார். நிலமில்லாதவர்கள், எழுத்தறியாதவர்கள். ஞானஸ்நானம் பெறும்போதே ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைச் சொல்லாமல் இருப்பது தமக்குக் கேடு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைத் தம் வாயால் சொல்லும்படி அவர் ஏற்படுத்தினார். திருமுழுக்கின் ஈரம் காயும் முன்பே வேலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது. காந்தியடிகள் 1930-களில் இந்தக் கூட்டமான மதமாற்றங்களை வெளிப்படையாகக் குறை கூறினார். ஏழைகள் உலக நன்மைக்காகவே வருகிறார்கள், அவர்களுக்கு இந்த உபதேசம் புரிந்திருக்க முடியாது என்பது அந்தக் குறையின் சாரம். வந்த காரணம் கலப்படமாக இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. யேசுவின் பன்னிருவரும் வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று சண்டையிட்டவர்கள்தாம். வந்தபின் அந்த மனிதர் என்ன ஆனார் என்பதே பார்க்க வேண்டியது. 1935 வாக்கில் அந்தத் திருமண்டலத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமாரும் 2,000-க்கும் அதிகமான கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். இவர்களில் மிகப் பலர் அதே மாலர், மாதிகர் தெருக்களில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் புரியாது என்று சொன்னவர்களுக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை.

இன்று நம் சேகரங்களில் ஒரு பிள்ளை பதினைந்து வயதில் திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிறான், வசனங்களை ஒப்பிக்கிறான், வெள்ளைச் சட்டை போட்டு முதல் திருவிருந்து எடுக்கிறான். அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்குச் சபை அவனிடம் எதையும் கேட்பதில்லை. வாலிபர் முதிர்ச்சி இல்லாமல் இருக்கிறார்கள் என்று சேகர மன்றங்களில் வருத்தத்தோடு பேசுகிறோம். முதலூரில் கிணறு வெட்டியவர்களும் தோர்ணக்கல்லில் தலைமேல் கை வைத்தவர்களும் விசுவாசத்தில் அந்த அறிவில்தான் இருந்தார்கள். சபைப் பெரியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை திடப்படுத்தல் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவுக்கு ஒரு வீட்டு ஜெபத்தை ஒப்படையுங்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று பார்க்காமல் ஒப்படையுங்கள்.