பேட்டையும் வலைப்பக்கமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமியென்பதை நம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. மழை பொய்த்த காலத்து வணிகமே பலர்க்குச் சோறிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களில், வண்டியும் சரக்கும் தங்குதற்குப் பேட்டைகள் அமைத்து மகமை தண்டினர். முகமறிந்த அவ்விடத்தில் வாய்ச்சொல்லே பெரிது.

முகமறியா ஊர்க்குச் சரக்குப் போகுங்கால் எழுத்து வேண்டியதாயிற்று. 1922-ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். பெட்டிக்கு லேபிள் வேண்டுமாகலின் அச்சுத்தொழிலும் அங்கு வேரூன்றிற்று. பின்னர் நாட்காட்டியின் அடியிற் கடைப்பெயர், தெரு, சரக்கு என மூன்று வரிகள் ஏறின. அச்செறிவை என் மாணாக்கர் கட்டுரைகளில் யான் கண்டிலேன்!

1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெளியிட்ட முதல் வலைப்பக்கமும் அத்தகையதே. திட்டம் யாது, செய்வோர் யாவர், பெறுவது எங்ஙனம் என்பன போன்றவை அதிலிருந்தன.

சென்ற மாதம் நம் இளைஞர் ஒருவர் தம் கைத்தறிச் சேலைக்கடைக்கு எழுதுவித்த வலைப்பக்கத்தைக் காட்டினார். ‘உலகத்தரம்’, ‘ஈடிணையற்றது’ என்னும் சொற்களே நிரம்பியிருந்தன; நூலின் எண், சேலையின் நீளம், விலை ஒன்றுமில்லை. மூன்று மாதமாக ஒரு சேலையும் அதனால் விற்கவில்லையாம். தறி நின்றால் நெய்வோர் திருப்பூருக்கு மூட்டை கட்டுவர். அவர் பாட்டனார் காலத்து நாட்காட்டியை வருவித்து, அம்மூன்று வரிகளையே தலைப்பில் வைத்து, விடுபட்டவற்றைக் கீழே எழுதினோம். நேற்றுச் சென்னையிலிருந்து ஓரம்மையார் சாயம் போகுமோவென வினவியுள்ளார். அதனை எழுத மறந்திருந்தோம்.